முதுகிலிருந்து இறங்கிய மூட்டை

மலைச் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் நான்கு பேர் ஓரிடத்தில் சேர்ந்தால் பேச்சு டயரில் தொடங்கும். பிரேக், சஸ்பென்ஷன் என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கடைசியில் யார் எதை எங்கே கட்டியிருக்கிறார்கள் என்பதில் வந்து நிற்கும். ஒருவர் ஹேண்டில்பார் முனையின் மூடியைக் கழற்றி, உள்ளிருந்து பஞ்சர் ஊசியை உருவிக் காட்டுவார். இன்னொருவர் ஃபிரேமின் கீழ்க்குழாயில் இருக்கும் சின்னக் கதவைத் திறந்து, சுருட்டி வைத்த டியூபை வெளியே எடுப்பார். மூன்றாமவர் எதுவும் சொல்லாமல் குனிந்து சீட்டுக்கு அடியில் பார்ப்பார். கல்யாண வீட்டில் நகை பார்ப்பது போலத்தான். விலை கேட்கக் கூச்சம், ஆனால் கண் எடுக்க முடியாது.

கோத்தகிரிப் பக்கம், தேயிலைத் தோட்டங்களை ஒட்டிப் போகும் மண்பாதைகளில் ஓட்டுகிறவன் நான். முதுகுப்பையை விட்டுச் சில வருடங்கள் ஆகின்றன. பை போனதில் முதுகு லேசானது உண்மைதான். அதைவிட முக்கியமாக, எதைச் சுமக்க வேண்டும் என்று முதல்முறையாக உட்கார்ந்து யோசிக்க வேண்டி வந்தது. பை இருந்தவரை அந்த யோசனைக்கே வேலை இல்லை. இடம் இருந்தால் சாமான் தானாக வந்து சேரும்.

இந்தப் பை சைக்கிள்காரர்களின் முதுகில் ஏறியது தண்ணீருக்காக. 1988-இல் டெக்ஸாஸ் மாநிலத்தின் விச்சிட்டா ஃபால்ஸில், கொளுத்தும் வெயிலில் நடக்கும் நூறு மைல் சைக்கிள் ஓட்டத்துக்குக் கிளம்பினார் மைக்கேல் ஐட்ஸன். அவர் ஆம்புலன்ஸில் வேலை பார்த்தவர். ஆஸ்பத்திரி சலைன் பையில் தண்ணீர் நிரப்பி, அதை ஒரு காலுறைக்குள் திணித்து, சட்டையின் முதுகுப் பக்கம் பொருத்திக்கொண்டார். குழாயைத் தோள் வழியாக வாய்க்குக் கொண்டுவந்தார். அதிலிருந்து பிறந்ததுதான் கேமல்பேக். முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் வைத்த மலைச் சைக்கிள்கள் பெருகியபோது, ஷாக் அப்சார்பர் உட்கார்ந்த இடத்தில் தண்ணீர் பாட்டிலுக்கு இடம் இல்லாமல் போயிற்று. முதுகுப்பை அந்தக் குறையைத் தீர்த்தது. தண்ணீரோடு பம்பு போயிற்று, பம்போடு டியூப், டியூபோடு ஸ்பேனர், ஸ்பேனரோடு மழைக்கோட்டு, மிக்சர் பொட்டலம். வீட்டில் ஒருநாள் பையைத் தராசில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும், சைக்கிளில் நூறு கிராம் குறைக்கச் செலவழித்த பணத்தை முதுகு எப்படித் திருப்பி எடுத்துக்கொண்டது என்று.

எடை மட்டும் தொல்லை இல்லை. அது உட்கார்ந்திருக்கும் உயரமும் தொல்லை. செங்குத்தான இறக்கத்தில் உடம்பைப் பின்னால் தள்ளிக் கையை நீட்டும்போது பை நழுவி ஹெல்மெட்டின் பின்பக்கத்தை முட்டும். வளைவில் நாம் ஒரு பக்கம் சாய, அது அரை நொடி கழித்துச் சாயும். மல்லாந்து விழுந்தால் பம்பும் இரும்புச் சாமானும் முதுகெலும்புக்கு நேரே வந்து நிற்கும். நம் ஊர் வியர்வையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

2013-இல் எண்டியூரோ உலகத் தொடர் என்ற மலைச் சைக்கிள் பந்தயம் தொடங்கியபோது, அதில் ஓடிய வீரர்கள் பலர் பையை விட்டுவிட்டு டியூபைக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் ஃபிரேமில் சுற்றிக்கொண்டு வந்தார்கள். பார்க்க அவலட்சணமாக இருந்தாலும் வேலை நடந்தது. ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் 2016 மாடல் ஸ்டம்ப்ஜம்பரின் கார்பன் ஃபிரேமில் கீழ்க்குழாயையே அலமாரியாக்கிக் கதவு வைத்தது. பிறகு மற்றவர்களும் வைத்தார்கள். ஃபோர்க்கின் தண்டுக்குள் செருகும் கருவி, கிராங்க் அச்சின் பொள்ளலுக்குள் காந்தத்தால் ஒட்டி நிற்கும் கருவி என்று இன்று சைக்கிளில் காலியாக இருக்கும் ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு சாமான் இருக்கிறது.

இதையெல்லாம் புதுமை என்று சொன்னால் நம் அப்பா காலத்து ஹெர்குலிஸ் சைக்கிள் சிரிக்கும். அம்பத்தூரில் 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் செய்த வண்டிகளையும் அந்தக் கால ராலேக்களையும் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். சீட்டுக்குப் பின்னால் தொங்கும் சின்னத் தோல் பை, அதற்குள் ஸ்பேனர், சொல்யூஷன், உப்புத்தாள், ஒரு துண்டு வால் டியூப். காற்றடிக்கும் பம்பை மாட்ட ஃபிரேமிலேயே முளை இருக்கும். ரிப்பேர் சாமானை முதுகில் சுமக்கலாம் என்று சொன்னால் அந்தக் காலத்து ஆள் நம்மை ஏற இறங்கப் பார்த்திருப்பார்.

ஆனால் அந்தத் தோல் பையை அப்படியே மலைச் சைக்கிளுக்கு மாற்ற முடியாது. இறக்கத்தில் பொத்தானை அழுத்தினால் சீட்டு கீழே இறங்கும் டிராப்பர் போஸ்ட் இப்போது சாதாரணம். சீட்டு இறங்கியிருக்கும்போது பின்சக்கரம் ஒரு கல்லில் ஏறி சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கினால், தொங்கும் பையை டயர் உரசித் தின்றுவிடும். ஆகவே சீட்டுக்கு அடியில் தொங்கும் பை சரிப்படாது. இறுக்கி ஒட்டிக் கட்டிய பொட்டலம் சரிப்படும். அதைவிட நல்ல இடம் ஃபிரேமின் முக்கோணத்துக்குள், எவ்வளவு தாழ்வோ அவ்வளவு தாழ்வு. பெடலுக்குப் பக்கத்தில் இருக்கும் எடையை வண்டி மறந்துவிடுகிறது.

இடம் தெரிந்துவிட்டால் பொருள் எளிது என்று தோன்றும். சிக்கலே அங்கேதான். கடையில் கிடைக்கும் பட்டியல்களும் காணொளிகளில் சொல்லும் பட்டியல்களும் பெரும்பாலும் அமெரிக்க, கனடிய மலைகளுக்கானவை. அங்கே ஒரு பாதையில் நுழைந்தால் வெளியே வரும்வரை ஒரு வீடு தட்டுப்படாமல் போகலாம். கோத்தகிரிப் பாதையில் அப்படியில்லை. இரண்டு சரிவு தாண்டினால் ஹட்டி என்று சொல்லும் ஒரு சிற்றூர், ஒரு டீக்கடை, தேயிலை மூட்டை ஏற்ற நிற்கும் ஒரு ஜீப். நம் பாதையில் மனிதர்கள் இருக்கிறார்கள், உதிரிபாகம்தான் இல்லை.

இதைப் புரிந்துகொண்ட பிறகு என் பட்டியல் தலைகீழாக மாறியது. வழியில் இருக்கிற மனிதர் எதைக் கொடுக்க முடியும், எதைக் கொடுக்க முடியாது? சுத்தியல், பத்தாம் நம்பர் ஸ்பேனர், குறடு, கயிறு, ஒரு கை, ஒரு வாய்த் தண்ணீர் எல்லாம் கேட்டால் கிடைக்கும். நீலகிரியில் 2019 முதல் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை இருப்பதால் சாலையோரங்களில் தண்ணீர் ஏ.டி.எம். வைத்திருக்கிறார்கள். முதுகில் இரண்டு லிட்டர் சுமப்பதற்குப் பதில் ஃபிரேமில் ஒரு பாட்டில் போதும், அதை நிரப்பிக்கொண்டே போகலாம்.

கொடுக்க முடியாத பட்டியல் சின்னது, ஆனால் கறாரானது. பன்னிரண்டு கியர் செயினுக்கான இணைப்புக் கண்ணி எந்த ஊர்க் கடையிலும் இருக்காது. பத்துக் கியர்க் கண்ணி இருந்தாலும் பொருந்தாது. டிஸ்க் பிரேக்கின் தட்டைப் பிடித்திருக்கும் நட்சத்திரத் தலை போல்ட்டுகளுக்கு டி-25 சாவி வேண்டும். எல்லாவற்றையும்விட அரியது ஹேங்கர். கியர் மாற்றும் பின் டெரெய்லரை ஃபிரேமோடு பிணைக்கும் இந்தச் சின்ன அலுமினியத் துண்டை வேண்டுமென்றே மென்மையாகச் செய்திருக்கிறார்கள், கல்லில் அடிபட்டால் டெரெய்லருக்கும் ஃபிரேமுக்கும் பதிலாக அது வளைந்து உயிரை விடட்டும் என்று. ஃபிரேமுக்கு ஒரு வடிவம் என்று நூற்றுக்கணக்கில் இருக்கிறது. ஸ்ராம் நிறுவனம் 2019-இல் ஒரு பொது வடிவத்தைக் கொண்டுவந்தாலும், பழைய வண்டிகளுக்கு அந்தந்த வண்டியின் துண்டுதான். கட்டைவிரல் அளவுதான் இருக்கும். அதை டேப்பால் சீட்டுக் கம்பிக்கு அடியில் ஒட்டி வைத்தால் பிறகு எடை தெரியாது.

இவற்றோடு ஒரு டியூப், செயின் கண்ணியைக் கழற்றும் வசதியுள்ள ஒரு மல்டிடூல், டயர் நெம்பி, பாட்டிலுக்குப் பக்கத்தில் ஒட்டி நிற்கும் கைப்பம்பு. பம்பின் மேல் இரண்டடி டேப் சுற்றியிருக்கும். பிளாஸ்டிக் டை நாலைந்தை பிரேக் கேபிளோடு சேர்த்துக் கட்டியிருப்பேன். கார்பன் டையாக்சைடு குப்பி நான் வைப்பதில்லை. 16 கிராம் குப்பி ஒன்று 29 அங்குல அகல டயரை ஓட்டும் அளவுக்கு நிரப்பிவிடும். ஆனால் டயர் ரிம்மில் சரியாக உட்காரவில்லை என்றால் அதோடு கதை முடிந்தது. மேலும் அந்த வாயு ரப்பரின் வழியே சாதாரணக் காற்றைவிட வேகமாகக் கசியும். பம்பு வேர்க்க வைக்கும், ஆனால் தீர்ந்துபோகாது.

பட்டியலிலேயே விலை குறைந்ததும் நம் ஊருக்கென்றே ஆனதும் ஒரு பித்தளைத் திருகு. மலைச் சைக்கிள்களில் பெரும்பாலும் பிரெஸ்டா வால்வு, பென்சில் முனை போல மெலிந்தது. நம் பஞ்சர் கடைக் கம்ப்ரசரின் வாய் மோட்டார் சைக்கிள் வால்வுக்கானது. அந்தத் திருகை மாட்டினால் இரண்டும் பேசிக்கொள்ளும். கோத்தகிரி சாலையோரக் கடையில் ஒருநாள் நடந்த பேச்சு இது.

“இது என்ன தம்பி, ஊசி கணக்கா இருக்கு? காத்து எங்கிட்டுப் போகும்?”

“முனையில இருக்கற சின்ன நட்டைத் தளர்த்திட்டு இதை மாட்டுங்கண்ணே. அப்புறம் பைக் டியூப் மாதிரிதான்.”

“அட! சரி, எவ்வளவு வைக்க?”

“இருபத்தஞ்சு போதும்ணே.”

“சைக்கிளுக்கு இருபத்தஞ்சா? அமுங்கிப் போயிருமே தம்பி.”

அகல டயர், டியூப் இல்லை, வேருக்கும் கல்லுக்கும் மேல் பிடிமானம் வேண்டுமென்றால் காற்று குறைவாகத்தான் இருக்க வேண்டும் என்று விளக்கினேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. ஆனாலும் மீட்டரைப் பார்த்துப் பார்த்துச் சரியாக இருபத்தைந்தில் நிறுத்தினார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

டியூப் இல்லாத டயரில் திரவப் பால் ஊற்றியிருப்பார்கள். சின்ன முள் குத்தினால் பால் ஓட்டையில் வந்து உறைந்து அடைத்துவிடும், ஓட்டுகிறவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. சமவெளிக்கு இறங்கினால் இதன் அருமை புரியும். அங்கே சீமைக் கருவேலமும் நெருஞ்சியும் காத்திருக்கின்றன. நெருஞ்சிக்கு உலகப் புகழ் உண்டு. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் சைக்கிள்காரர்கள் அஞ்சி நடுங்கும் முள் இதே செடியினுடையதுதான், பழைய கண்டங்களிலிருந்து அங்கே போய்ப் பரவியது. ஐடஹோவின் பாய்சி நகரத்தில் அதன் பெயரிலேயே சைக்கிள் விழா நடத்தியிருக்கிறார்கள், விழாவுக்கு முன் ஊர்கூடி அந்தச் செடியைப் பிடுங்கி எறிந்திருக்கிறார்கள்.

பால் அடைக்காத ஓட்டைக்குப் பிசின் ஊறிய திரி. மோட்டார் சைக்கிள், கார் டயருக்குப் பஞ்சர் கடையில் குத்தும் அதே வகைதான், கொஞ்சம் மெலிந்தது. டயரின் பக்கச்சுவரே கிழிந்தால் உள்ளே ஒரு ஒட்டு வைத்து டியூப் போட வேண்டும். ஒட்டுக்குப் பத்து ரூபாய் நோட்டு நன்றாக நிற்கும். நம் ரூபாய் நோட்டு பருத்தி இழையால் ஆனது, காகிதம் போல உடனே நைந்துவிடாது. டீக்கு வைத்திருக்கும் காசு அவசரத்துக்கு டயரையும் காப்பாற்றும்.

மனித உதவியைக் கணக்கில் சேர்ப்பது விளையாட்டு வீரத்துக்கு இழுக்கு என்று நினைத்த காலமும் இருந்தது. 1913 டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் யூஜின் கிறிஸ்டோஃப் டூர்மலே மலையிலிருந்து இறங்கும்போது ஃபோர்க் முறிந்தது. பிறர் உதவி கூடாது என்பது விதி. வண்டியைத் தோளில் போட்டுக்கொண்டு பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் நடந்து சாந்த் மரி த காம்பான் என்ற சிற்றூருக்கு வந்தார். கொல்லுப்பட்டறையில் நடுவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, தானே இரும்பைக் காய்ச்சி அடித்து ஒட்டினார். இரண்டு கையும் வேலையாக இருந்ததால் ஒரு சிறுவன் துருத்தி ஊதினான். அதற்குத் தண்டனையாகப் பத்து நிமிடம் சேர்த்தார்கள், பிறகு மூன்றாகக் குறைத்தார்கள். வீரக்கதையாகத்தான் அதைச் சொல்கிறார்கள். எனக்கோ அந்தச் சிறுவன்தான் கண்ணில் படுகிறான். பட்டறையும் நெருப்பும் சம்மட்டியும் ஊருடையவையாக இருந்தும் குற்றமாகாத உதவி, துருத்தியில் வைத்த ஒரு சின்னக் கையால் குற்றமாகிவிட்டது. தனியாகவே சமாளிப்பது என்பது எப்போதும் இப்படி எங்கோ ஒரு கோடு கிழித்துக்கொண்டால்தான் நடக்கிறது.

பையில்லாமல் போவதற்கு விலை உண்டு. முதுகுப்பை வீட்டுக்குள் ஆணியில் தொங்கும். ஃபிரேமில் கட்டியது மழையிலும் செம்மண் சேற்றிலும் கிடக்கும். டேப்பால் கட்டிய டியூப் அதிர்வில் உரசி உரசி, தேவைப்படும் நாளில் பிரித்தால் ஓட்டையோடு வரும். ஆகவே பிளாஸ்டிக் தாளில் சுற்றி, பவுடர் தடவி வைக்க வேண்டும். செயின் கண்ணி துருப்பிடிக்கும், மல்டிடூலின் திருகுகள் இறுகும், டயருக்குள் இருக்கும் பால் சில மாதங்களில் காய்ந்து ரப்பர் உருண்டையாகிவிடும். கண்ணில் படாத இடத்தில் வைத்ததை அவ்வப்போது எடுத்துப் பார்க்கும் பழக்கம் இல்லாதவருக்கு முதுகுப்பையே மேல்.

வடகிழக்குப் பருவமழை நாட்களில் மழைக்கோட்டுக்காக இடுப்புப் பை கட்டுகிறேன். மனித வாடையே இல்லாத பாதைக்குப் போனால் முதலுதவிச் சாமானோடு முதுகுப்பைக்கே திரும்பத் தயங்கமாட்டேன். லடாக்கிலோ ஸ்பித்தியிலோ ஓட்டுகிறவரிடம் என் பட்டியலைக் கொடுத்தால் அது அவருக்கு ஆபத்து. எனவே, புதிதாக வருகிறவர்கள் “என்னென்ன வாங்கணும் அண்ணா?” என்று கேட்கும்போது நான் சாமான் பெயர் எதையும் முதலில் சொல்வதில்லை. போகிற வழியில் எந்தெந்த ஊர் வரும், எங்கே கடை, எங்கே ஆள் நடமாட்டம், எங்கே ஒன்றும் இல்லை என்று எழுதிக்கொண்டு வரச் சொல்கிறேன். அந்தத் தாள் நிரம்ப நிரம்ப, வாங்க வேண்டிய பட்டியல் சுருங்கும். கூடவே ஒரு டியூபை மட்டும் குறைக்க வேண்டாம் என்பேன். அது பெரும்பாலும் வழியில் நிற்கும் வேறு யாருக்காவதுதான் உதவும், அவர்கள் வழியில் கிடைக்கும் மனிதர் என்ற கணக்கில் நமக்கும் ஒரு பங்கு இருக்க வேண்டும் அல்லவா?