வெறும்பாத்திரங்கள்

தியானப் பகுதி: 2 இராஜாக்கள் 4:1-7



இந்த வாரம் என்னைப் பற்றியே ஓர் அறிக்கை செய்ய வேண்டியிருக்கிறது, பொறுமையோடு வாசியுங்கள்.

ஜெபத்திற்காகவோ ஆலோசனைக்காகவோ என் இல்லத்திற்கு வந்தவர்கள் முன்னறையில் ஒரு கண்ணாடி அலமாரியைப் பார்த்திருப்பீர்கள். மேல்பாதி பழுப்பும் கீழ்ப்பாதி வெளிர்மஞ்சளுமாக நிற்கும் ஊறுகாய் ஜாடிகள், நீலக் கரையிட்ட எனாமல் தட்டுகள், அடுக்குத் தூக்குகள், பித்தளைச் சொம்புகள். இருபது ஆண்டுகளாக ஒவ்வொன்றாய்ச் சேர்த்தவை. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் சில, நம் ஊர்க் காயலான் கடைகளில் பல. ஒருமுறை செட்டிநாட்டுப் பக்கம் ஊழியத்திற்குச் சென்றபோது, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வரிசையாக இருக்கும் பழம்பொருள் கடைகளில் அரை நாளைக் கழித்தேன். பர்மாவிலும் மலேயாவிலும் வணிகம் செய்த குடும்பங்கள் கப்பலில் கொண்டுவந்த சுவீடன் நாட்டு எனாமல் பாத்திரங்கள் அங்கே இன்றும் விலைக்குக் கிடைக்கின்றன. இரண்டு கிண்ணங்களை வாங்கிச் செய்தித்தாளில் சுற்றி, வேதாகமத்தோடு ஒரே பையில் வைத்துக் கொண்டுவந்தேன்.

இந்த ஆசையின் தொடக்கம் எது என்று கேட்டால், என் தாயாரின் ஜாடி என்பேன். திருவொற்றியூரில் தொழிற்சாலைச் சம்பளத்தில் வாழ்ந்த வீடு எங்களுடையது. இந்த ஊரின் வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். 1946இல் மாம்மன் மாப்பிள்ளை இங்கே ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கினார். அதுவே பின்னாளில் எம்.ஆர்.எஃப். ஆனது. 1955இல் சென்னையில் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தின் புல்லட் வண்டிகள் இங்கிருந்துதான் புறப்பட்டன. சுவீடன் நாட்டுத் தீப்பெட்டி நிறுவனம் இந்தியாவில் நிறுவிய விம்கோவின் பெயரை இன்று மெட்ரோ நிலையமே தாங்கி நிற்கிறது. அந்த நாட்களில் ஒரு தொழிலாளியின் வீட்டில் போனஸ் வந்தது என்பதற்கு அடையாளம் சமையலறையில்தான் தெரியும். ஒரு வருடம் பித்தளை அண்டா, மறு வருடம் பீங்கான் ஜாடி, பிள்ளைகளுக்கு எனாமல் தட்டு. பிறகு எவர்சில்வர் வந்தது. பித்தளையை எடைக்குப் போட்டு எவர்சில்வர் வாங்கினார்கள். எனாமல் தட்டுகளில் சில்லு பெயர்ந்து துருவேறியபோது வெளியே எறிந்தார்கள். என் தாயாரின் ஜாடி வீடு மாற்றும்போது உடைந்தது. மூடி மட்டும் மிஞ்சியது. அந்த மூடிக்குப் பொருந்தும் ஜாடியை நான் பல வருடங்களாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

2023 டிசம்பரை நம்மில் யாரும் மறக்கவில்லை. மிக்ஜாம் புயலின் மழைவெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து எர்ணாவூர் வீடுகளுக்குள் புகுந்தது. எண்ணூர் முகத்துவாரத்தில் படகும் வலையும் கறுத்துக் கிடந்தன. மீனவர்கள் வாளிகளால் எண்ணெயை வாரிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் வடிந்த பின்னும் சுவர்களில் எண்ணெய்க்கோடு நின்றது. அந்த வாரத்தில் நாம் வீடுவீடாகச் சென்று ஜெபித்தோம்.

அப்படி ஒரு வீட்டில் நம் சபையின் மூத்த தாயார் ஒருவர் வாசலில் அமர்ந்து, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் ஒரு ஜாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். மெத்தை, அரிசி, பிள்ளைகளின் புத்தகங்கள், துணிமணி எல்லாம் தெருவோரத்தில் கறுப்புக் குவியலாகக் கிடந்தன. பிளாஸ்டிக் டப்பாக்களையும் எறிந்துவிட்டார். எத்தனை முறை கழுவினாலும் எண்ணெய் வாடை போகவில்லை. ஆனால் ஜாடி துடைக்கத் துடைக்கப் பளிச்சென்று வெளிப்பட்டது. அதற்குக் காரணம் உண்டு. இவ்வகை ஜாடி ஏறத்தாழ 1,200 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுடப்படுகிறது. அந்த நெருப்பில் மண்ணின் நுண்துளைகள் மூடிக்கொள்கின்றன. மேற்பூச்சு உருகிக் கண்ணாடியாகிறது. உப்பும் புளிப்பும் அதை அரிப்பதில்லை. அதனால்தான் நம் பாட்டிமார் ஊறுகாய்க்கு அதைத் தேர்ந்தெடுத்தார்கள். அடிப்பாகத்தில் மட்டும் பூச்சு இராது; இருந்தால் சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். அந்த அம்மாவின் ஜாடியிலும் அடிப்பாகம் மட்டும் கறையை வாங்கியிருந்தது.

பிரியமானவர்களே, நான் ஜெபிக்கப் போன மனிதன். ஆனால் என் கண் ஜாடியின் வாயை அளந்துகொண்டிருந்தது. என் தாயாரின் மூடி இதற்குப் பொருந்தும் என்று மனம் கணக்குப் போட்டது. ஜெபம் முடிந்தவுடன், "அம்மா, இந்த ஜாடியை எனக்குக் கொடுத்துவிடுங்கள், ஆயிரம் ரூபாய் தருகிறேன்" என்றேன். உதவி செய்கிறேன் என்றே அப்போது நம்பினேன்.

அவர் கோபிக்கவில்லை. ஜாடியை மடியில் வைத்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தார். "இத்த வாங்கினு போயி இதுல இன்னா ஐயா போட்டு வைப்பீங்க?"

"ஒன்றும் போடமாட்டேன் அம்மா. அலமாரியில் வைப்பேன்" என்றேன்.

"சும்மாவா?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் துடைக்கத் தொடங்கினார். "இது எங்க வூட்டுக்காரரு மொத போனஸ்ல வாங்கியாந்தது. எலுமிச்சங்கா போடணும் ஐயா. புள்ளைங்களுக்குக் கஞ்சிக்குத் தொட்டுக்க ஒண்ணும் இல்ல."

நான் தலைகுனிந்து வெளியே வந்தேன்.

அன்று இரவு மற்றச் சபைகளுக்கு ஒரு விண்ணப்பக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். பாதிக்கப்பட்ட நம் குடும்பங்களுக்குத் தட்டு, சொம்பு, சமையல் பாத்திரம், உப்பும் புளியும் வைக்க மூடியுள்ள பாத்திரம் தேவை என்று வரிசையாக எழுதினேன். பக்கத்தில் இருந்த என் மனைவி கடிதத்தைப் படித்துவிட்டு அலமாரியைப் பார்த்தாள். "நம்ம வீட்டுல நாற்பத்து மூணு இருக்குங்க" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. தூசி துடைப்பவள் அவள். எண்ணிக்கை அவளுக்குத்தான் தெரியும்.

மறுநாள் அலமாரியைத் திறந்து ஒவ்வொன்றாக இறக்கினோம். அப்போதுதான் எனக்கு இரண்டாவது பாடம் கிடைத்தது. கொடுக்க மனம் வந்துவிட்டது. ஆனால் கொடுக்கத் தகுந்தவை எத்தனை? ஜாடிகள் 14. விரலால் தட்டினால் நல்ல ஜாடி கணீரென்று ஒலிக்கும். விரிசல் கண்டது மந்தமாக ஒலிக்கும். இரவு முழுவதும் தண்ணீர் நிரப்பிச் செய்தித்தாளின் மேல் வைத்தோம். காலையில் மூன்றின் அடியில் தாள் நனைந்திருந்தது. பதினொன்று தேறின. எனாமல் பாத்திரங்கள் 17. இரும்புத் தகட்டின் மேல் கண்ணாடித் தூளைச் சூட்டில் உருக்கிப் படியவைப்பதே எனாமல். சில்லு பெயர்ந்த இடத்தில் துரு ஏறும், பெயரும் துணுக்கு உணவில் விழும். ஐந்து மட்டுமே உணவுக்கு உதவும் நிலையில் இருந்தன. வண்ணம் தீட்டிய பழைய பீங்கான் கிண்ணங்கள் மூன்று. பழங்காலப் பூச்சுகளில் ஈயம் கலந்திருக்கக்கூடும், புளிப்பு பட்டால் அது உணவில் இறங்கும் என்பதால் அவற்றை ஒதுக்கினோம். தர்மம் என்று எண்ணி நஞ்சைக் கொடுத்துவிடக் கூடாதல்லவா?

மிஞ்சியவை பித்தளைப் பாத்திரங்கள் ஒன்பது. பளபளவென்று நான் துலக்கி வைத்திருந்தவை. ஒன்றின் உள்ளேயும் ஈயப்பூச்சு இல்லை. பூச்சில்லாத பித்தளையில் புளியோ மோரோ பட்டால் களிம்பேறி உணவு கெடும் என்பது நம் தாய்மார் அறிந்த பாடம். என் சிறுவயதில் ஈயம் பூசுகிறவர் குரல் கொடுத்தபடி தெருத்தெருவாக வருவார். துருத்தி வைத்துத் தீமூட்டி, பாத்திரத்தைச் சூடேற்றி, நவச்சாரத்தைத் தூவி, வெள்ளீயத்தைத் தேய்த்துப் பஞ்சால் துடைப்பார். உட்புறம் வெள்ளியாக மின்னும். பயன்பாட்டில் இருந்த பாத்திரத்துக்குக் குறிப்பிட்ட காலத்திற்கு ஒருமுறை அந்த நெருப்பு கிடைத்தது. என் அலமாரியில் இருந்தவற்றுக்கு இருபது ஆண்டுகளாகக் கிடைக்கவில்லை. வெளிப்புறத்தை மட்டும் நான் கவனித்துக்கொண்டேன்.

வேதாகமக் கல்லூரியில் மொழிப் பாடம் படித்தபோது ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டேன். பழைய ஏற்பாட்டில் பாத்திரம் என்று நாம் வாசிக்கும் இடங்களில் பெரும்பாலும் எபிரெயத்தில் 'கெலி' என்ற சொல் இருக்கும். அதற்குக் கருவி, ஆயுதம் என்ற பொருள்களும் உண்டு. புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லான 'ஸ்கியூஒஸ்' என்பதும் அப்படியே. வீட்டுச் சாமானையும் குறிக்கும், கருவியையும் குறிக்கும். அப்போஸ்தலர் 9:15இல் ஆண்டவர் அனனியாவிடம் சவுலைப் பற்றிப் பேசும்போது இந்தச் சொல்லே வருகிறது. தமது நாமத்தைச் சுமந்துசெல்ல அவர் ஒரு பாத்திரத்தைத் தெரிந்தெடுத்தார். தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கிய இந்த விளக்கம், எர்ணாவூர் வாசற்படியில் அந்தத் தாயார் கேட்ட கேள்வியில்தான் எனக்கு உறைத்தது. பாத்திரம் என்றால், அதில் என்ன போடப்போகிறோம் என்ற கேள்வி கூடவே வருகிறது.

எலிசாவிடம் வந்த விதவையை நினைத்துக்கொள்ளுங்கள். கணவன் இல்லை, கடன்காரன் பிள்ளைகள் இருவரையும் அடிமைகளாக்கக் காத்திருக்கிறான், வீட்டில் மிஞ்சியது ஒரு குடம் எண்ணெய். தீர்க்கதரிசி அவளை அயலகத்தாரிடம் அனுப்பி வெறும்பாத்திரங்களைக் கேட்டு வாங்கச் சொல்கிறார், அதுவும் நிறைய வாங்கச் சொல்கிறார். இந்தப் பகுதியில் நான் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். எப்போதும் விதவையின் விசுவாசத்தைப் பற்றியே பேசினேன். அந்த அயலகத்தாரைப் பற்றி நினைத்ததேயில்லை. அவர்களுடைய பெயர்கள் எழுதப்படவில்லை. அவர்கள் செய்த அற்புதம் எதுவும் இல்லை. தங்கள் வீட்டில் சும்மா இருந்ததை எடுத்துக் கொடுத்தார்கள், அவ்வளவே. ஆனால் கடைசிப் பாத்திரம் நிரம்பியபோது எண்ணெய் நின்றுபோயிற்று. யார் வீட்டுப் பரணிலாவது கொடுக்காமல் வைத்த பாத்திரம் ஒன்று இருந்திருந்தால், அது அன்று வெறுமையாகவே இருந்திருக்கும்.

பழம்பொருளைப் பாதுகாப்பது தவறு என்று நான் சொல்லவரவில்லை. முட்டுக்காட்டில் 1996 முதல் இருக்கும் தட்சிணசித்ராவுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். நம் முன்னோரின் வீடுகளும் புழங்கிய பொருள்களும் அங்கே காக்கப்பட்டிருக்கின்றன. அது நல்ல பணி. என் தவறு வேறு. ஒரு ஜாடியின் காலத்தையும் பூச்சையும் என்னால் சொல்ல முடிந்தது. ஆனால் அதைத் துடைத்துக்கொண்டிருந்தவரின் அடுப்பு அன்று எரிந்ததா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

தேறிய பதினாறு பாத்திரங்களும் அந்த வாரமே வீடுகளுக்குப் போயின. ஈயம் பூசுகிறவர் ஒருவரைத் தேடிப் பிடிக்கச் சில வாரங்கள் ஆயிற்று. பித்தளை ஒன்பதும் பின்னால் போயின. விரிசல் விட்ட ஜாடிகளில் என் மனைவி துளசி நட்டாள். அலமாரியில் இன்னும் சில எனாமல் தட்டுகளும் அந்தக் கிண்ணங்களும் இருக்கின்றன. காயலான் கடையைக் கடக்கும்போது என் கால் இன்றும் தயங்குகிறது. முற்றிலும் விடுபட்டேன் என்று சொன்னால் அது பொய்யாகும்.

அடுத்த மாதத்தில் ஒரு ஞாயிறு ஆராதனைக்குப் பின், அந்தத் தாயார் ஒரு சிறு எவர்சில்வர் கிண்ணத்தில் எலுமிச்சை ஊறுகாய் கொண்டுவந்து கொடுத்தார். "வெயில்ல வச்சி, வேடு கட்டி, பக்குவமா எடுத்தது ஐயா. கிண்ணத்தத் திருப்பிக் குடுத்துடுங்க" என்றார். கழுவித் திருப்பிக் கொடுத்தோம். என் தாயாரின் மூடியையும் சேர்த்துக் கொடுத்தேன். அவருடைய ஜாடிக்கு மூடி வெள்ளத்தோடு போய்விட்டிருந்தது. நான் அளந்தது சரிதான், கச்சிதமாகப் பொருந்தியதாம்.

இந்த வாரம் உங்கள் வீட்டுப் பரணை ஒருமுறை பாருங்கள். கல்யாணத்திற்கு வந்து இன்னும் பெட்டி பிரிக்காத சாமான் இருக்கலாம். யாருக்கும் தைத்துக் கொடுக்காத தையல் இயந்திரம் இருக்கலாம். பொருளாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பணி ஓய்வுக்குப் பின் கிடைத்த நேரமும், ஆண்டவர் கொடுத்த கல்வியும் அலமாரியில் பூட்டிக் கிடக்கலாம். எடுத்துத் தட்டிப் பாருங்கள். பூச்சு போயிருந்தால் நெருப்புக்கு அஞ்ச வேண்டாம்; பிறகு அயலகத்தார் கையில் கொடுங்கள்.

ஜெபிப்போம்: அன்பின் பரம பிதாவே, எங்களைப் பார்வைக்கு வைக்கப்பட்ட பாத்திரங்களாய் விட்டுவிடாதேயும். எங்களில் விரிசல் கண்ட இடத்தை எங்களுக்குக் காட்டும். உள்ளே தேய்ந்துபோனதை உமது அக்கினியால் புதுப்பியும். இந்தக் கரையோரத்தில் வெறுமையான அடுக்களைகளை நிரப்ப, எங்கள் கைகளில் இருப்பதை எடுத்துப் பயன்படுத்தும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம், ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்