ஃபூஜி மலையும் மூன்றாவது விதியும்

டோக்கியோவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஜனவரி மாதக் காலை ஒன்றில் பால்கனியில் நின்று பல் தேய்த்துக்கொண்டே மேற்கே பார்த்தேன். நூறு கிலோமீட்டருக்கு அப்பால், கவிழ்த்து வைத்த புனல் மாதிரி, தலையில் வெள்ளைத் துண்டோடு நின்றது ஃபூஜி மலை.

"அது மேல ஏறணும்" என்றேன்.

"முதல்ல வாயைக் கொப்பளிங்க" என்றாள் மனைவி.

அதோடு விட்டிருக்கலாம். ஊருக்கு வந்ததும் வாக்கிங் கோஷ்டியிடம் சொல்லித் தொலைத்துவிட்டேன். "சார் ஜப்பான்ல மலை ஏறப் போறார்" என்று ஒருத்தர் மூன்று தெருவுக்கு விநியோகம் செய்துவிட்டார். அப்புறம் பின்வாங்க முடியுமா?

ஃபூஜியில் நினைத்த நாளில் ஏற முடியாது. ஜூலையில் பாதை திறக்கும், செப்டம்பர் முதல் வாரங்களில் சாத்திவிடுவார்கள். மற்ற மாதங்களில் பனியும் காற்றும்தான் குடித்தனம். மலையின் உயரம் 3,776 மீட்டர். ஆனால் 'ஐந்தாம் நிலையம்' வரை பஸ்ஸே போகிறது. அந்த இடமே 2,305 மீட்டர், அதாவது ஊட்டி டவுனைவிடக் கொஞ்சம் உசரம். நம் ஊட்டி முடிகிற இடத்தில்தான் அவர்கள் நடக்கவே ஆரம்பிக்கிறார்கள்!

உச்சிக்கு நான்கு பாதைகள். நான் தேர்ந்தெடுத்தது யோஷிதா பாதை. கூட்டம் அதிகம்தான். ஆனால் வழி நெடுகத் தங்கும் குடில்கள் உண்டு. அதைவிட முக்கியம், அது சூரியன் உதிக்கிற பக்கமாகப் பார்த்த சரிவு. உச்சிக்குப் போக முடியாமல் நடுவழியில் உட்கார்ந்துவிட்டாலும் சூரியோதயம் கிடைக்கும். இதை நான் யோசித்தது மனைவிக்காக. இரண்டு வருஷம் முன்னால் அவளுக்கு நிமோனியா வந்து பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அந்தப் பதினோரு நாளை இங்கே எழுதப் போவதில்லை.

டாக்டர், "போகலாம்மா. தினம் மாடிப்படி ஏறிப் பழகுங்க. தலைவலி, மூச்சு முட்டல் வந்தா மேல போகாதீங்க" என்றார். மறுநாளிலிருந்து இரண்டு தண்ணீர் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு காலையும் மாலையும் எங்கள் அபார்ட்மென்ட்டில் நாலு மாடி ஏறி இறங்கினாள். நான் திட்டமிட்டேன். உட்கார்ந்தபடி திட்டமிடுவதில் எனக்கு நாற்பது வருஷ சர்வீஸ்.

மருமகன் போனில் ஒரு யோசனை சொன்னார்: "மாமா, சாயங்காலம் பஸ் ஏறினா ராத்திரியோட ராத்திரியா ஏறி விடியற்காலை உச்சியில நிக்கலாம்." இப்படித் தங்காமல் ஏறுவதற்கு ஜப்பானில் 'புல்லட் ஏற்றம்' என்றே பெயர். தூக்கமில்லாமல், உடம்பு உயரத்துக்குப் பழகாமல் ஏறி மயங்கி விழுகிறவர்கள் அதிகமாகி, 2024-ல் யோஷிதா பாதைக்கு கேட்டே போட்டுவிட்டார்கள். நாங்கள் போன 2025-ல் மதியம் 2 மணியிலிருந்து விடியற்காலை 3 மணி வரை கேட் மூடல். குடிலில் இடம் பதிந்திருந்தால்தான் உள்ளே விடுவார்கள். நுழைவுக் கட்டணம் ஆளுக்கு 4,000 யென்.

ஆக, எல்லாம் குடிலில் இடம் கிடைப்பதைப் பொறுத்தது. சனி, ஞாயிறெல்லாம் எப்போதோ காலி. மகள் போராடி ஜூலைக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, எட்டாம் நிலையத்தில், 3,100 மீட்டர் உயரத்தில் நாலு பேருக்கு இடம் பிடித்தாள். இடம் என்றால் அறை இல்லை. வரிசையாக ஸ்லீப்பிங் பேக், தோளோடு தோள். "இவர் குறட்டைக்கு ஜப்பான்காரங்க என்ன பாவம் பண்ணாங்க?" என்று மனைவி கவலைப்பட்டாள். ராத்திரிச் சாப்பாடு கறி ரைஸ் என்றதும் துள்ளினேன். அதில் இறைச்சி உண்டு என்று தெரிந்ததும் புளிக்காய்ச்சல் பாட்டில் மூட்டையில் ஏறியது. கூடவே மழைச் சட்டை, கம்பளி, தலையில் மாட்டும் டார்ச் லைட், கைநிறைய நூறு யென் சில்லறை. வழியிலுள்ள கழிப்பறைகளில் பெரும்பாலும் ஒரு தடவைக்கு 200 யென் போடவேண்டும். பல தடவை போகிற வயசு எனக்கு.

ஒரு காலத்தில் பெண்கள் இந்த மலை உச்சிக்குப் போகக்கூடாது. 1872-ல்தான் தடை நீங்கியது. அதற்கு முன்பே 1832-ல் தகாயாமா தாத்ஸு என்ற பெண் ஆண் வேஷத்தில் ஏறிவிட்டாராம். படித்துக் காட்டினேன். மலைக்குரிய தெய்வமே கொனோஹனசகுயா என்ற பெண் தெய்வம் என்றதும், "வீட்டுக்காரி வீட்டுக்குள்ள பொம்பளைங்க வரக்கூடாதா? நல்ல கதை!" என்றாள் மனைவி.

கடைசியாக ஒரு தாளில் மூன்று விதிகள் எழுதினேன். ஒன்று, யாரும் தனியாகப் போகக்கூடாது. இரண்டு, தலைவலியை மறைக்கக்கூடாது. மூன்று, தலைவலி வந்தவரோடு ஒருத்தர் தங்கவேண்டும், மற்றவர்கள் உச்சிக்குப் போகவேண்டும், வாதாடக்கூடாது. மூன்றாவதை எழுதும்போது என் மனசில் இருந்த படம் இது: அம்மாவும் மகளும் குடிலில், நானும் மருமகனும் உச்சியில். உண்மையைச் சொல்வதற்கென்ன?

ஐந்தாம் நிலையத்தில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்து உடம்பைப் பழக்கவேண்டும் என்பதும் என் திட்டம்தான். அவள் உட்கார்ந்தாள். நான் கடை கடையாகப் போட்டோ எடுத்தேன். ஆளுக்கு ஒரு மரத் தடி வாங்கினோம். காசு கொடுத்தால் குடிலுக்குக் குடில் அதில் காய்ச்சிய இரும்பால் முத்திரை சுடுவார்கள்.

எட்டாம் நிலையம் சேர்ந்தபோது எனக்குத் தலை அம்மிக் குழவியாகக் கனத்தது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கீழே இருப்பதில் முக்கால்வாசிகூட இல்லை. கறியும் இறங்கவில்லை, புளிக்காய்ச்சலும் இறங்கவில்லை. ராத்திரி ஒரு மணிக்கு எல்லோரும் லைட்டை மாட்டிக்கொண்டு எழுந்தபோது, நான் எழுந்து உட்கார்ந்து மறுபடி படுத்தேன்.

"தலை வலிக்குதா?"

"லேசா."

அவள் பர்ஸிலிருந்து தாளை எடுத்தாள். "விதி மூணு. வாதாடக்கூடாது." மருமகனைப் பார்த்து, "தம்பி, இவர் தண்ணி குடிக்க மாட்டார். மிரட்டிக் குடிக்க வைங்க" என்றாள். என் கம்பளிக் குல்லாயைக் காது வரை இழுத்துவிட்டு மகளோடு கிளம்பினாள்.

நான் கதவோரம் நின்று பார்த்தேன். மலை மேலே எறும்பு வரிசையாக வெளிச்சப் புள்ளிகள். அதில் எது அவள் என்று தெரியவில்லை. வாயில் ஆக்ஸிஜன் முகமூடியோடு அவள் கிடந்த ராத்திரிதான் ஞாபகம் வந்தது. கூப்பிட்டுத் திரும்ப வரச் சொல்லலாமா என்று போனை எடுத்தேன். மருமகன் வாங்கி வைத்துவிட்டார். அவரும் தாளைப் படித்திருக்கிறார்.

நாலரை மணிக்கு மேல் குடில் வாசலிலேயே சூரியன் வந்தது. கீழே மேகக் கடல், விளிம்பில் சிவப்பு. நான் போட்ட திட்டம் எனக்கே பலித்தது.

வெயில் ஏறியதும் மெல்ல இறங்கி ஐந்தாம் நிலையத்தில் காத்திருந்தோம். இறங்கும் பாதை எட்டாம் நிலையத்துக்குப் பக்கத்தில் பிரிகிறது. வழி தவறி சுபாஷிரி பக்கம் போய்விடுகிறவர்கள் உண்டு என்று படித்திருந்தேன். படித்திருக்கவே வேண்டாம். பத்தரை மணிக்கு முழங்கால் வரை எரிமலைத் தூசியோடு அம்மாவும் மகளும் வந்தார்கள். அவள் தடியில் உச்சிக் கோயில் முத்திரை இருந்தது.

"மேல என்ன பார்த்தே?" என்றேன்.

"பெரிய பள்ளம். குளிர். உங்களுக்குத் தலைவலி எப்படி?"

ஊர் திரும்பிய மறுநாள் வாக்கிங் கோஷ்டி சூழ்ந்துகொண்டது. "என்ன சார், ஃபூஜி ஏறியாச்சா?"

"எங்க வீட்ல ஏறியாச்சு" என்றேன்.