பளிங்கு போன்ற தண்ணீர்

உங்கள் வீட்டுக் குடிதண்ணீர் நல்லதுதானா என்று யாராவது கேட்டால் என்ன செய்வீர்கள்? ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பீர்கள். தூசு தும்பு இல்லை. மோந்து பார்த்தால் நாற்றம் இல்லை. "பளிங்கு மாதிரி இருக்கிறதே, இதற்கு என்ன கேடு?" என்று சொல்லி டம்ளரைக் கீழே வைத்து விடுவீர்கள்.

சகோதரிகளே, பளிங்கு மாதிரி இருப்பதுதான் சங்கடமே! கலங்கின ஜலத்தை யாரும் குழந்தைக்குக் கொடுப்பதில்லை. ஆனால் காலராவையும் டைபாய்டையும் கொண்டு வரும் கிருமிகள் கலங்கலாக வந்து நம்மை எச்சரிப்பதில்லை. ஒரு டம்ளரில் ஆயிரக்கணக்கில் குடியிருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கும் தெரியாது.

ஜெர்மனியில் எல்பே நதிக்கரையில் ஹாம்பர்க், ஆல்டோனா என்று ஒட்டினாற்போல் இரண்டு நகரங்கள் இருந்தன. ஹாம்பர்க் ஆற்று நீரை வடிகட்டாமலே குழாயில் விட்டது. ஆல்டோனாவோ, ஹாம்பர்க்கின் கழிவெல்லாம் கலந்து வந்த அதே ஆற்று நீரை மணலில் நிதானமாக வடிகட்டிக் கொடுத்தது. 1892-ல் காலரா வந்தது. ஹாம்பர்க்கில் 8,000 பேருக்கு மேல் மாண்டார்கள். ஆல்டோனா பெரும்பாலும் தப்பிவிட்டது. எல்லைத் தெருவில் ஒரு சாரி வீடுகளில் அழுகை. எதிர்ச் சாரியில் அமைதி. காற்று ஒன்று, மண் ஒன்று, குழாய்தான் வேறு! ராபர்ட் கோக் என்ற கிருமி சாஸ்திர நிபுணர் இதை எடுத்துக் காட்டிய பிறகு, தண்ணீரைச் சோதிக்காமல் நம்பக் கூடாது என்பது உலகத்துக்கு உறைத்தது.

உலகத்துக்கு உறைத்தது எங்கள் கட்டடத்துக்கு உறைக்க எத்தனை காலமாயிற்று தெரியுமா? சென்ற மழைக்காலம் வரையில்!

எங்கள் கட்டடத்தில் பன்னிரண்டு குடித்தனங்கள். இரண்டாம் மாடியில் ஒரு சிறுமிக்கு ஜுரம் வந்து இறங்கவே இல்லை. ரத்தத்தைச் சோதித்த டாக்டர், டைபாய்டு என்றார். அடுத்த வாரம் கீழ்த் தளத்தில் ஒரு பையன் படுத்தான். உடனே மாடிப்படியில் மகாநாடு கூடிவிட்டது. பானி பூரிக்காரன் என்றார் ஒருவர். பள்ளிக்கூட வாசலில் விற்கும் ஐஸ் என்றார் இன்னொருவர். கடைசியில் பழி வந்து விழுந்தது எங்கே? அந்த இரண்டு வீட்டிலும் பாத்திரம் தேய்க்கும் அம்மாளின் தலையில்! "அவள் கையைச் சரியாக அலம்புவதில்லை" என்று தீர்ப்பாயிற்று. மறுநாளே நிறுத்தி விட்டார்கள். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஈரக் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக் கொண்டு படியிறங்கிப் போனாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. தண்ணீரையும் ஒரு தடவை விசாரித்து விடலாமே என்று, பரிசோதனைக்கூடத்துக்குப் போய் மூன்று பாட்டில்கள் வாங்கி வந்தேன். தெருக் குழாய்த் தண்ணீர் ஒன்றில், கீழ்த் தொட்டித் தண்ணீர் ஒன்றில், சமையலறைக் குழாய்த் தண்ணீர் ஒன்றில்.

தண்ணீர் பிடிப்பதில் என்ன வித்தை என்கிறீர்களா? நிறைய இருக்கிறது! குழாயின் வாயைத் துடைத்து, நெருப்பில் காட்டி, இரண்டு மூன்று நிமிஷம் ஜலத்தை ஓட விட வேண்டும். பாட்டிலின் வாயில் விரல் படக் கூடாது. கழுத்து வரையில் நிரப்பாமல் கொஞ்சம் இடம் விட வேண்டும். எதிர் வீட்டு மாமி உதவிக்கு வந்தார். பாட்டிலை வாங்கினவுடன் வழக்கப்படி அலம்பப் போனாரே பார்க்கலாம், ஓடிப் போய்க் கையைப் பிடித்துக் கொண்டேன்! உள்ளே துளி உப்பு ஒன்று போட்டிருப்பார்கள். தண்ணீரிலுள்ள குளோரினை அது முறித்து விடும். இல்லாவிட்டால் குளோரின் வழியெல்லாம் கிருமிகளைக் கொன்று கொண்டே போகும். தண்ணீர் தன் யோக்கியதைக்கு மேல் நல்ல பெயர் வாங்கி விடும். பாட்டில்களை ஐஸ் பெட்டியில் வைத்து, ஆறு மணி நேரத்துக்குள் சேர்ப்பித்தேன்.

அங்கே அவர்கள் டைபாய்டு கிருமியைத் தேடவில்லை. "பின்னே எதைத் தேடுகிறீர்கள்?" என்று கேட்டேன். வியாதிக் கிருமிகள் பல ஜாதி, எண்ணிக்கையும் குறைவு. திருடனைக் கையும் களவுமாகப் பிடிப்பது கஷ்டம். கொல்லைப்புறத்தில் காலடிச் சுவடு பார்ப்பது சுலபம். அந்தச் சுவடுதான் ஈ.கோலை என்ற நுண்ணுயிர். எஷெரிக் என்ற டாக்டர் 1885-ல் கண்டு சொன்னது. மனிதர், மிருகங்களின் குடலில் வாசம் செய்வது. அதில் பெரும்பாலான வகைகள் நம்மை ஒன்றும் செய்யாது. ஆனால் குடிதண்ணீரில் அது இருந்தால், மலம் கலந்திருக்கிறது என்று அர்த்தம். மலம் வந்த வழியே டைபாய்டும் வரலாமே!

சோதனை நம் சமையலறைச் சமாசாரம் போலத்தான். பால் சர்க்கரையும் பித்த உப்பும் கலந்த ஊதா நிறக் கஷாயம். பித்தத்தில் பழகின குடல் கிருமிகள் அதில் சுகமாக வளரும். மற்றவை பெரும்பாலும் தலையெடுக்காது. கஷாயமுள்ள கண்ணாடிக் குழாய்கள் பலவற்றில் தண்ணீரை அளந்து விட்டு, உடம்புச் சூடான 37 டிகிரியில் ஒரு நாள், இரண்டு நாள் வைக்கிறார்கள். தோசை மாவு இரவில் புளித்துப் பொங்குவதில்லையா? அப்படியே கிருமிகள் சர்க்கரையைப் புளிக்க வைக்கும். ஊதா மஞ்சளாகும். உள்ளே கவிழ்த்திருக்கும் குட்டிக் குழாயில் காற்றுக் குமிழி தேங்கும். பிறகு 44 டிகிரிச் சூட்டிலும் வளர்கிறதா என்று பார்த்து ஈ.கோலையை நிச்சயப்படுத்துகிறார்கள். நம் தேசத்து அளவுகோல் கண்டிப்பானது: 100 மில்லி குடிதண்ணீரில் ஒன்றுகூடத் தென்படக் கூடாது.

முடிவு வந்தது. தெருக் குழாயில் ஒன்றும் இல்லை. கீழ்த் தொட்டியில் ஈ.கோலை. சமையலறைக் குழாயிலும் ஈ.கோலை! தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தோம். விளிம்பு விரிந்திருந்தது, பக்கத்தில் நாலடி தள்ளிச் சாக்கடைத் தொட்டி. மழையில் அது பொங்கினபோதெல்லாம் இதற்குள் பங்கு வந்திருக்கிறது. அந்தக் குழந்தைகளின் ஜுரம் இதிலிருந்துதான் வந்தது என்று சத்தியம் பண்ண முடியாது. ஆனால் பாத்திரம் தேய்த்தவள்மேல் சொன்ன பழிக்கு ஆதாரம் எதுவும் இல்லை. தொட்டிக்கு எதிராகக் காகிதமே இருந்தது.

தொட்டியைக் காலி செய்து, தேய்த்து, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, விரிசலை அடைத்து, மறுபடியும் பாட்டில் அனுப்பினோம். "இல்லை" என்று வந்தது. அன்று சாயங்காலமே இரண்டாம் மாடி அம்மாள் தானே நடந்து போய் அவளை அழைத்தாள். "நானும் அந்தத் தண்ணியைத்தானேம்மா குடிச்சேன்" என்றாளாம் அவள். வேறொன்றும் சொல்லவில்லை.

நேயர்களே, ஒன்றை மறக்காதீர்கள். பரிசோதனைக் காகிதம் அந்தக் குழாயின் அன்றைய ஜாதகம். ஆயுள் ஜாதகம் அல்ல. மழை கொட்டினாலும், குழாய் பழுது பார்த்தாலும், தொட்டி திறந்து கிடந்தாலும் ஜாதகம் மாறும். ஈ.கோலை இல்லை என்றால் எல்லாக் கிருமிகளும் இல்லை என்றும் ஆகாது. குளோரினுக்கு அசையாதவையும் சில உண்டு. சந்தேகம் வந்தால் தளதளவென்று கொதிக்க வைத்து, மூடி ஆற வையுங்கள்.

சோதனைக்கு எங்கே போவது? சென்னைவாசிகளுக்குக் கிண்டியில், 1899-ல் ஏற்பட்ட கிங் இன்ஸ்டிட்யூட் இருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்குக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக்கூடங்கள் உண்டு. குவாலியரில் ராணுவ ஆராய்ச்சிக்கூடத்து விஞ்ஞானிகள் 1982-ல் வெளியிட்ட எளிய முறை ஒன்றும் இருக்கிறது. மருந்திட்ட சிறு பாட்டிலில் தண்ணீரை ஊற்றி வைத்தால், அசுத்தம் இருந்தால் கறுத்துப் போகும். அது முதல் எச்சரிக்கை மட்டுமே, தீர்ப்புக்குப் பரிசோதனைக்கூடம்தான்.

கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்குகிறோம். பருப்பில் கல் பொறுக்குகிறோம். ஒவ்வொரு வேளையும் குடிக்கிற தண்ணீருக்கு, மழைக்கு முன் ஒன்று, மழைக்குப் பின் ஒன்று என்று வருஷத்துக்கு இரண்டு பாட்டில் செலவழிக்கக் கூடாதா?