கோச்சியில் வங்கக் கடல்

கேரளத்துக் கொச்சி அல்ல, இது ஜப்பானின் கோச்சி. ஷிகோகு தீவில், விமான நிலையத்தை ஒட்டிய பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு குளிர்பதனக் கிடங்கு. 4 டிகிரி குளிரில் அங்கே அடுக்கடுக்காகக் கிடக்கிறது வங்கக் கடலின் சேறு. 2014 நவம்பரில் புறப்பட்ட ‘ஜாய்டஸ் ரெசல்யூஷன்’ கப்பல் இரண்டு மாதம் கடலடியைத் துளைத்து எடுத்தது.

சேற்றைக் கழுவிச் சலித்தால் மணல் போல ஓடுகள் தேறும். ஃபொராமினிஃபெரா என்ற ஒரு செல் உயிர்கள் விட்டுச் சென்ற சுண்ணாம்பு ஓடுகள். அவை வாழ்ந்த நீர் வெதுவெதுப்பாக இருந்திருந்தால் ஓடுகளில் மக்னீசியம் அதிகம், குளிர்ந்திருந்தால் குறைவு. நுண்ணோக்கியின் கீழ், ஈரத் தூரிகை நுனியால் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். அரிசியில் கல் பொறுக்கிப் பழகியவர்களுக்கே கைவரக்கூடிய வேலை! சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் அந்தமான் கடலின் மேல்நீர் இன்றைவிட ஏறக்குறைய 3 டிகிரி குளிர்ந்திருந்தது என்பதை இத்தகைய ஓடுகளே சொல்லின. அந்தக் காலத்தில் பருவமழையும் மெலிந்திருந்தது.

ஆனால் மக்னீசியத்தை அளக்க ஓடுகளை அமிலத்தில் கரைத்தாக வேண்டும். கரைந்தது கரைந்ததுதான். அதனால் சேற்றுத் தூணை நெடுக்கில் பிளந்து, ஒரு பாதியைத்தான் ஆய்வுக்கு வெட்டித் தருகிறார்கள். மறுபாதி பாதுகாப்பில் இருக்கிறது. கொண்டுவந்த கப்பலோ 2024-இல் ஓய்வு பெற்றுவிட்டது.