வீட்டுக்குள் இரண்டு கிராணி

என் அம்மா ஈப்போ, புந்தோங்கில் தனியாக இருக்கிறார். வயது 71. நான் பெட்டாலிங் ஜெயாவில், அக்கா சிரம்பானில். அப்பா போன பிறகு "எங்களோட வந்து இரும்மா" என்று இருவரும் மாறி மாறிக் கேட்டுப் பார்த்தோம். அம்மா அசையவில்லை. சரி, ஒரு கேமராவாவது வைக்கலாம் என்றேன். "நான் தலைமுடிய விரிச்சுப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கிறத நீ அங்கேருந்து பாக்கணுமா?" என்றார். நியாயமான கேள்விதான்.

அதனால் ஒரு நடுவழி கண்டோம். டிவி அலமாரிக்குள் ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி. உள்ளங்கையில் அடங்கிவிடும். அதில் ஓடுவது ஹோம் அசிஸ்டன்ட் என்ற இலவச மென்பொருள். பவுலஸ் ஸ்கௌட்சன் என்பவர் 2013-இல் தொடங்கியது, இன்று உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து வளர்ப்பது. கடையில் வாங்கும் பல ஸ்மார்ட் கருவிகள், வீட்டில் நடப்பதை எங்கோ ஒரு நிறுவனத்தின் கணினிக்கு அனுப்பிவிட்டுத்தான் விளக்கையே போடும். இதில் எல்லாம் வீட்டுக்குள்ளேயே நடக்கும். "வீட்டு விஷயம் வீட்டோட இருக்கும்மா" என்று சொன்னபோதுதான் அம்மா சம்மதித்தார்.

பெரிதாக ஒன்றும் இல்லை. முன்கதவில் ஒரு சென்சார். இரவில் எழுந்தால் கழிப்பறை வரை தானாக எரியும் விளக்கு. சமையலறைச் சுவரில் ஒரு பழைய டேப்லெட். அதில் தேதியும், காலை இரவு மாத்திரைகளுக்கு இரண்டு பொத்தான்களும் இருக்கும். மாத்திரை போட்டதும் அம்மா அதைத் தட்டிவிடுவார். அப்புறம் இஸ்திரிப் பெட்டி. போன வருடத்திலிருந்து அதை அணைக்க மறந்துவிடுகிறார். பலகைத் துணியில் முக்கோணமாக ஒரு கருப்புத் தடம் பார்த்த அன்றே ஒரு வைஃபை பிளக் வாங்கிப் போட்டேன். அரை மணி நேரம் ஆனால் கணினி அதை அணைத்துவிடும்.

ஒரு புதன்கிழமை, வேகத்தைக் கூட்டித் தருகிறோம் என்று இணையச் சேவை நிறுவனம் ஆள் அனுப்பியது. புதிய ரவுட்டர் வைத்தார்கள். இணையம் பறக்கிறது என்று அம்மாவே போன் செய்து சொன்னார்.

மறுநாள் காலை அக்காவிடமிருந்து அழைப்பு. "சமையல்கட்டு டேப்லெட்ல ஒண்ணும் வரலையாம். மாத்திரை போட்டேனா இல்லையான்னு அம்மாவுக்குத் தெரியல. பிரஷர் மாத்திரைடா. ரெண்டு தடவ போட்டிருந்தா?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. "உன் டப்பாவ நம்பித்தான அம்மாவ அங்க விட்டு வச்சிருக்கோம்? அடுத்த மாசம் நான் கூட்டிட்டு வந்துடுறேன்" என்று வைத்துவிட்டாள்.

கைப்பேசியில் திறந்து பார்த்தேன். இணைப்பு இல்லை. ஆனால் ஒரு விசித்திரம்: முன்கதவு 6.10-க்குத் திறந்தது என்ற அறிவிப்பு அன்று காலையும் வந்திருந்தது. அம்மா பூப்பறிக்கப் போகும் நேரம் அது. வீட்டிலிருந்து எனக்குச் செய்தி வருகிறது, என்னால் வீட்டுக்குள் போக முடியவில்லை.

அன்று மாலை அம்மாவிடம் கேட்டேன். "ராத்திரி எழுந்தப்ப விளக்கு எரிஞ்சுதாம்மா?"

"எரிஞ்சுதே."

பாதி கவலை அப்போதே போயிற்று. அந்த விளக்கும் கதவு சென்சாரும் ஸிக்பி என்ற வேறு வகை அலையில் கணினியோடு நேரடியாகப் பேசுபவை. ரவுட்டர் இல்லாவிட்டாலும் அவை பேசிக்கொள்ளும். ஆக, கணினி உயிரோடு இருக்கிறது, வேலையும் செய்கிறது. மற்றவர்களுக்குத்தான் அது இருக்கும் இடம் தெரியவில்லை. முகவரிக் கோளாறு.

வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும், கைப்பேசி, டிவி, பிளக் எல்லாவற்றுக்கும், நான்கு பகுதியாக ஓர் எண் உண்டு. அதுதான் ஐபி முகவரி. அதை வழங்குவது ரவுட்டர். நிரந்தரமாகக் கொடுக்காது, குத்தகைக்குத்தான் கொடுக்கும். கெடு முடிந்தாலோ, ரவுட்டர் மாறினாலோ எண்ணும் மாறலாம். நாம் இணையம் பார்ப்பதற்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் மற்ற கருவிகள் தேடிவரும் கணினிக்கு எண் மாறக் கூடாது. அதனால் பழைய ரவுட்டரில் இந்தக் கணினிக்கென்று 192.168.0.50 என்ற எண்ணை ஒதுக்கி வைத்திருந்தேன். அந்த ஒதுக்கீடு எழுதப்பட்டிருந்தது பழைய ரவுட்டரின் பட்டியலில். புதியவருக்கு அதைப் பற்றி என்ன தெரியும்?

பெயர் சொல்லியும் கூப்பிடலாம். ஹோம் அசிஸ்டன்டுக்கு 'லோக்கல்' என்று முடியும் ஒரு பெயர் உண்டு. அந்தக் குரல் ஒரே வலையமைப்புக்குள் மட்டும்தான் கேட்கும், ரவுட்டரைத் தாண்டாது. அம்மாவை டேப்லெட்டில் அந்தப் பெயரை அடிக்கச் சொன்னேன். வரவில்லை. அதுவும் ஒரு துப்பு.

"அம்மா, போன்ல வைஃபை செட்டிங்ஸ் போங்க. ஐபி அட்ரஸ்னு இருக்கும். படிங்க."

பேப்பர் படிக்கும் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்தார். "ஒண்ணு, ஒம்பது, ரெண்டு, புள்ளி..." படித்து முடித்தபோது 192.168.1.12 என்று எழுதியிருந்தேன்.

"இப்ப அந்த டேப்லெட்ல அதே மாதிரி படிங்க."

192.168.0.23.

மூன்றாவது எண்ணைப் பாருங்கள். ஒன்றில் 1, இன்னொன்றில் 0. ஒரே கூரைக்குக் கீழே இரண்டு வலையமைப்புகள். விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. வந்த ஆள், சமையலறைக்கு வைஃபை எட்டாது என்று பழைய ரவுட்டரைக் கழற்றாமல், புதியதோடு ஒரு கேபிளால் இணைத்துவிட்டுப் போயிருக்கிறார். மற்ற கேபிள்களைப் புதியதில் செருகியிருக்கிறார். கணினியின் கேபிளும் அதில் ஒன்று. அவரிடம் கேட்கப்பட்டது இணையம். எல்லா அறையிலும் இணையம் வந்தது.

இதை அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ரவுட்டர் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கினேன். வெளியுலகுக்கு நம் வீடு முழுவதற்கும் ஒரே முகவரிதான், உள்ளே யாருக்கு எது என்று பிரித்துக் கொடுப்பது ரவுட்டர் என்றேன். அம்மா குறுக்கிட்டார்.

"தோட்டத்துல கிராணி மாதிரி."

அம்மா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். லயத்து வீடுகளுக்குத் தபால்காரர் வரமாட்டாராம். எல்லாக் கடிதமும் தோட்டத்து ஆபீசுக்கு வரும். எந்த லயம், எத்தனையாவது வீடு என்று கிராணிதான் பிரித்துக் கொடுப்பாராம். "நாம எழுதுறதுன்னா பிரச்சினை இல்ல, யார் வேணும்னாலும் போட்டுடலாம். நமக்கு வர்றது கிராணி கைக்குப் போயித்தான் வரணும்."

எனக்கு அறிவிப்பு மட்டும் வந்துகொண்டிருந்ததன் காரணத்தை அம்மா ஒரே வரியில் சொல்லிவிட்டார். பல்கலைக்கழகத்தில் எனக்கு இதைச் சொல்லிக்கொடுக்க அரை நாள் எடுத்தார்கள்.

"அப்ப, இப்ப நம்ம வீட்டுல ரெண்டு கிராணியாம்மா. பழைய கிராணி புது கிராணிக்குக் கீழ வேலை செய்யிறாரு. கம்ப்யூட்டர் புது கிராணியோட லயத்துக்குக் குடி போயிடுச்சு. டேப்லெட், இஸ்திரிப் பொட்டி எல்லாம் பழைய லயத்துல."

"அப்ப பழைய கிராணிய வேலைய விட்டு நிறுத்து."

அதேதான் தீர்வு. ஆனால் அதற்கு நான் நேரில் போக வேண்டும். அதுவரை மாத்திரைப் பக்கத்தையாவது மீட்டாக வேண்டும். இத்தகைய அமைப்பில் உள்ளே இருக்கும் வலையிலிருந்து வெளியே இருக்கும் வலைக்குப் போகலாம். எதிர்த்திசையில் போக முடியாது. டேப்லெட் உள் வலையில், கணினி வெளி வலையில். எண் தெரிந்தால் போதும், டேப்லெட் போய்ச் சேரும். பிளக்கின் கதை வேறு: அதைக் கணினி தேடிப் போக வேண்டும், அது நடக்காது. சனிக்கிழமை வரை இஸ்திரி போடக் கூடாது என்று அம்மாவிடம் வாக்கு வாங்கிக்கொண்டேன்.

எண்ணைக் கண்டுபிடிக்க, அம்மா தன் கைப்பேசியில் புதிய ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தார். அதன் எண் 192.168.1.1, கடவுச்சொல் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும். இணைந்துள்ள கருவிகளின் பட்டியலில் நம் கணினி 192.168.1.7 என்ற எண்ணில் உட்கார்ந்திருந்தது. டேப்லெட்டில் அந்த எண்ணை அடித்து, முக்காற்புள்ளி வைத்து, ஹோம் அசிஸ்டன்டுக்கு உரிய 8123-ஐச் சேர்க்கச் சொன்னேன். சற்று நேரம் மௌனம்.

"வந்துடுச்சு தம்பி. மாத்திரை படம் வந்துடுச்சு."

ஒன்றேகால் மணி நேரம் போனிலேயே இருந்திருக்கிறோம். அம்மா களைத்த மாதிரியே தெரியவில்லை.

சனிக்கிழமை விடிகாலை காரை எடுத்தேன். 200 கிலோமீட்டர். செய்த வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், உங்கள் வீட்டிலும் இரண்டு ரவுட்டர் இருக்கலாம். பழையதை 'ஆக்சஸ் பாயின்ட்' நிலைக்கு மாற்றினேன். இனி அது வைஃபையை மட்டும் பரப்பும், முகவரி வழங்காது. அடுத்து, ஒவ்வொரு கருவியிலும் புதிய எண்ணை மாற்றிக்கொண்டிருப்பதற்குப் பதில் புதிய ரவுட்டரின் எண் வரிசையையே 192.168.0 என்று மாற்றினேன். கணினிக்குப் பழைய 50-ஐயே ஒதுக்கினேன். பிளக்கிற்கும் ஒன்று. எல்லாவற்றையும் ஒரு தடவை அணைத்துப் போட்டதும் அவரவர் பழைய வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள்.

மிச்சம் இருந்தது பெட்டாலிங் ஜெயாவிலிருந்து நான் உள்ளே வரும் வழி. முன்பு பழைய ரவுட்டரில் அதற்கென ஒரு வாசல் திறந்து வைத்திருந்தேன். புதியதிலும் திறந்தேன், பயனில்லை. அதன் வெளிமுகவரியைப் பார்த்தேன்: 100.70 என்று தொடங்கியது. காரணம் புரிந்துவிட்டது.

இந்த வகை ஐபி முகவரிகள் உலகத்துக்கே ஏறக்குறைய 430 கோடிதான். வீட்டுக்குள் புழங்க 192.168 போன்ற வரிசைகளை 1994-இலேயே தனியே ஒதுக்கினார்கள். அதனால்தான் உங்கள் வீட்டிலும் என் வீட்டிலும் ஒரே எண் இருந்தாலும் மோதிக்கொள்வதில்லை. அப்படியும் போதவில்லை. 2011 பிப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்பு தீர்ந்தது. அடுத்த ஆண்டே 100.64 முதல் 100.127 வரையிலான எண்களைச் சேவை நிறுவனங்களுக்கென்று ஒதுக்கினார்கள்: பல வீடுகளைச் சேர்த்து ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கலாம். அம்மா மொழியில் சொன்னால், எல்லாத் தோட்டத்துக் கிராணிகளுக்கும் மேலே பட்டணத்தில் ஒரு பெரிய கிராணி. அவர் நம் பேச்சைக் கேட்கமாட்டார்.

அதற்கும் வழி இருக்கிறது. வெளியிலிருந்து யாரும் உள்ளே வர வேண்டாம். வீட்டுக் கணினியே வெளியே போய்க் கைகொடுக்கட்டும். டெயில்ஸ்கேல் போன்ற செயலிகள் அப்படித்தான் வேலை செய்கின்றன. கணினியிலும் என் கைப்பேசியிலும் போட்டேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அக்காவுக்கு வீடியோ அழைப்பு. எல்லாம் சரியாகிவிட்டது என்றேன். "நீ சரி பண்ணிட்ட. ஆனா ரெண்டு நாள் ஓடிப்போச்சே?" என்றாள். அதில் உண்மை இருக்கிறது. யாரோ ஒருவர் வந்து ஒரு கேபிளை மாற்றிச் செருகினால் தடுமாறிப் போகும் ஒன்றை நம்பி ஒரு மனுஷியை விட்டுவைப்பது சரியில்லை. பேசி முடிவெடுத்தோம். மாத்திரைக்கு, நாள் பெயர் போட்ட பிளாஸ்டிக் பெட்டி. டேப்லெட் இருக்கட்டும், பெட்டிதான் முதல். இஸ்திரிப் பெட்டிக்குத் தானாகவே அணையும் ரகம் ஒன்றை அன்று மாலையே வாங்கினேன். பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் ஒரு சாவி. ரவுட்டரைத் தொட யார் வந்தாலும் எனக்கு ஒரு போன். காலண்டரின் பின்பக்கத்தில் அம்மா தன் கையாலேயே முகவரிகளை எழுதி வைத்தார்: கிராணி 0.1, கம்ப்யூட்டர் 0.50, இஸ்திரி 0.60.

அடுத்த மாதம் கூட்டிக்கொண்டு போகும் பேச்சை அக்கா எடுக்கவில்லை. தன் கைப்பேசியிலும் எல்லாம் தெரிய வேண்டும் என்று மட்டும் கேட்டாள். போட்டுக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை காலை ஆறே காலுக்கு அம்மா அழைத்தார். பதறி எடுத்தேன்.

"வாசல்ல கால் வைக்கல, அதுக்குள்ள உன் அக்கா போன் பண்ணி எங்கம்மா போறேன்னு கேக்குறா. பூப்பறிக்கக்கூட இவகிட்ட பர்மிஷன் வாங்கணுமா? இவளுக்கு எதுக்குடா நம்ம வீட்டு அட்ரஸ குடுத்தே?"