தலைமடையில் இரண்டு நாள்

ஓர் ஊரை அறிய வேண்டுமானால் அங்கு ஓர் இரவேனும் தங்க வேண்டும். ஆற்றுக்கும் இது பொருந்தும். பேருந்தில் பாலத்தைக் கடக்கும்போது கண்ணில் படுவது நீர் மட்டுமே. அந்நீர் எங்கிருந்து வருகிறது, யாரை நோக்கிச் செல்கிறது என்னும் எண்ணம் கரையில் அமர்ந்திருப்போர்க்கே தோன்றும். கல்லூரியில் ஒன்றாகப் பயின்ற நாங்கள் நால்வர், ஆடி மாதத்துச் சனி, ஞாயிறு ஆகிய இரண்டு நாள்களைத் திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே, முக்கொம்புக்கு அருகில் காவிரிக் கரையில் கழித்தோம். நால்வரும் ஐம்பதைக் கடந்தவர்கள். ஒருவர் பாசனப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், ஒருவர் வங்கி அலுவலர், ஒருவர் நாகப்பட்டினம் மாவட்டம் தலைஞாயிற்றுப் பகுதியில் மூன்று ஏக்கரில் நெல் விளைவிப்பவர், நான் தமிழாசிரியன்.

நாங்கள் தங்கியது வங்கி நண்பரின் உறவினருக்குரிய பழைய வீடு. ஊரார் அதனைப் பங்களா என்று அழைத்தாலும் ஆடம்பரம் எதுவும் அதில் இல்லை. நாட்டு ஓடு வேய்ந்த கூரை, சுண்ணாம்புச் சாந்து பூசிய தடித்த சுவர்கள், மரத்தூண்கள் தாங்கிய அகன்ற தாழ்வாரம். கொல்லைக் கதவைத் திறந்தால் தென்னந்தோப்பு; தோப்பு முடியுமிடத்தில் ஆற்றில் இறங்கும் படித்துறை. தொலைக்காட்சி இல்லை. கைப்பேசியும் தாழ்வாரத்தின் ஒரு மூலையில் நின்றால்தான் பேசும். விறகடுப்பை மூட்ட வங்கி நண்பர் அரைமணி நேரம் போராடினார். தலைஞாயிற்று நண்பர் ஊதுகுழலை வாங்கி இரண்டே மூச்சில் தீயை எழுப்பியதும், விடுதி நாள்களின் சிரிப்பு எங்களிடம் திரும்பி வந்தது.

மாலையில் முக்கொம்பு அணைக்கட்டு வரை நடந்தோம். அகண்டு வரும் காவிரி அங்குத்தான் இரண்டாகப் பிரிகிறது. வடக்கே செல்வது கொள்ளிடம். தெற்கே செல்வது காவிரி. இடையில் அமைந்திருக்கிறது திருவரங்கத் தீவு. பொறியாளர் நண்பர் கரையில் நின்று அவ்விடத்தின் வரலாற்றை விளக்கினார். கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது, சரிவும் மிகுதி. ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீர் பெரிதும் அப்பக்கமே பாய்ந்தது. காவிரியில் மணல் மேடிட்டது. தஞ்சை வயல்களுக்கு நீர் குறைந்தது. அதனைத் தடுக்கவே ஆர்தர் காட்டன் 1836ஆம் ஆண்டில் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டத் தொடங்கினார். 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத வெள்ளத்தில் கொள்ளிடப் பக்கத்து மதகுகளுள் ஒன்பது இடிந்து விழுந்தன. பின்னர் அங்குப் புதிய கதவணை எழுந்தது. “இந்த இடத்தில் ஒரு பலகையை ஏற்றுவதும் இறக்குவதும் கடற்கரை வரையுள்ள வயல்களின் தலையெழுத்தை மாற்றும்” என்றார் அவர். தலைஞாயிற்று நண்பர் ஒன்றும் பேசவில்லை.

இரவு உணவுக்குப் பின் படித்துறையில் அமர்ந்தோம். நிலவொளியில் ஆறு இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அவர் வாய் திறந்தார்.

“மூன்று ஏக்கரையும் விற்றுவிடலாம் என்றிருக்கிறேன். மேட்டூரில் திறக்கும் நீர் மூன்று, நான்கு நாளில் கல்லணைக்கு வந்துவிடும். அங்கிருந்து வெண்ணாற்றில் இறங்கி, கிளையாறுகளில் பிரிந்து, எங்கள் வாய்க்காலுக்கு வர வாரக் கணக்காகும். வராமலே போகும் ஆண்டும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையிலோ மேலே பெய்த மழையெல்லாம் வடிந்து வந்து எங்கள் பயிரில் நிற்கும். கேட்கும்போது வராத நீர், வேண்டாதபோது போவதில்லை. மகள் திருமணமும் நெருங்குகிறது.”

எவரும் உடனே மறுமொழி கூறவில்லை. விற்காதே என்று சொல்வது எளிது. அக்கடனை யார் சுமப்பது? சிறிது நேரங்கழித்துப் பொறியாளர் நண்பர், வாய்க்காலின் மட்டம், வடிகாலின் அகலம், தூர்வாரி எத்தனை ஆண்டுகளாயின என ஒவ்வொன்றாகக் கேட்டறிந்தார். வங்கி நண்பர் கைப்பேசியின் விளக்கொளியில் கடன் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பார்த்தார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஊரே கூடி வாய்க்காலைச் செப்பனிட்ட குடிமராமத்துக் காலத்தை அவர் தம் தந்தையார் வாயிலாகக் கேட்டிருந்தார். அதனைச் சொல்லிவிட்டு இறுதியில் இவ்வாறு கூறினார்: “பந்தியில் பரிமாறுகிறவன் கண் கடைசி இலையில் இருக்க வேண்டும். முதல் இலையை மட்டும் பார்த்துப் பரிமாறினால், கடைசியில் உட்கார்ந்தவன் வெறும் இலையோடு எழுந்திருக்க வேண்டியதுதான்.”

மறுநாள் காலை நால்வரும் ஆற்றில் நீராடினோம். அவர் மட்டும் நெடுநேரம் நீரைவிட்டு எழவில்லை. எங்கள் ஊருக்கு வருமுன் ஒருமுறை ஆசைதீரக் குளித்துக்கொள்கிறேன் என்று நகைத்தார். நாங்களும் நகைத்தோம், ஆயினும் அச்சொல் எங்களைவிட்டு அகலவில்லை.

அவர் மூன்று ஏக்கரையும் விற்கவில்லை. மகளின் திருமணத்திற்காக ஓர் ஏக்கரை விற்றார். எஞ்சிய இரண்டு ஏக்கரில் அவ்வாண்டும் சம்பா விதைத்தார். பொறியாளர் நண்பர் இருமுறை அவ்வூருக்குச் சென்று, வடிகாலைச் சீர்செய்ய வேண்டிய இடங்களை வரைந்து கொடுத்தார். ஊர் மக்கள் அவ்வரைபடத்துடன் விண்ணப்பம் அளித்துள்ளனர். தை மாதத்தில் எங்கள் மூவர் வீட்டிற்கும் ஆளுக்கு ஒரு மரக்கால் புதுநெல் வந்து சேர்ந்தது.

காவிரியின் வழியை வரையச் சொன்னால் மாணவர்கள் குடகு மலையில் தொடங்குவார்கள். பெரும்பாலான படங்களில் கல்லணையைத் தாண்டியதும் கோடு மெலிந்து, தாளின் ஓரத்தில் மறைந்துவிடும். இப்போதெல்லாம் என் வகுப்பில் அப்படத்தைக் கடற்கரையிலிருந்து தொடங்கச் சொல்கிறேன். முதலில் கடைமடை வயல், பிறகு வாய்க்கால், கிளையாறு, கல்லணை, முக்கொம்பு, மேட்டூர், குடகு என எதிர்த்திசையில் கோடு ஏறிச் செல்லும். அவ்வாறு வரைகிற பிள்ளைகள் எழுப்பும் முதல் வினா பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: “ஐயா, இந்த வயலுக்குத் தண்ணீர் வந்து சேர்ந்ததா?”