அழைத்தால் வரும் நூலகம்

மூன்றாம் ஆண்டு, கணிப்பொறி அறிவியல்

நூலகம் என்றதும் நம் கண்முன் நிற்பவை அடுக்கடுக்கான புத்தகங்களே. கணிப்பொறிக்குள்ளும் நூலகங்கள் உண்டு என்றால் பிற துறை நண்பர்கள் வியப்படையக் கூடும். பல நிரல்களுக்கும் பொதுவாகப் பயன்படும் கட்டளைத் தொகுப்பையே எங்கள் துறையில் நூலகம் என்கிறோம்.

ஒரு நிரல் நூலகத்தைப் பெறும் வழிகள் மூன்று. நிரலை உருவாக்கும்போதே நூலகத்தின் படி ஒன்றை உள்ளே பதித்துக்கொள்வது முதல் வழி. நிரல் தொடங்கும்போது பொதுவிடத்திலிருந்து அழைத்துக்கொள்வது இரண்டாம் வழி. ஓடிக்கொண்டிருக்கையில், தேவை எழுந்த பின்னரே அழைப்பது மூன்றாம் வழி. இதற்கென லினக்ஸில் ‘டிஎல்ஓப்பன்’ என்ற செயற்கூறும், விண்டோஸில் ‘லோட்லைப்ரரி’ என்ற செயற்கூறும் உள்ளன.

இறுதியாண்டுச் செயல்திட்டத்திற்காக நான் எழுதிய மதிப்பெண் பட்டியல் நிரலில் இம்மூன்றாம் வழியைக் கையாண்டேன். அச்சிடும் பகுதியைத் தனி நூலகமாக வைத்தேன். அச்சிடச் சொன்னால் மட்டுமே அது நினைவகத்திற்குள் வரும். அந்த நூலகக் கோப்பை அகற்றிவிட்டும் ஓட்டிப் பார்த்தேன். நிரல் நின்றுவிடவில்லை, ‘அச்சிட இயலாது’ என்று அறிவித்துவிட்டுத் தன் பிற பணிகளைத் தொடர்ந்தது. அன்று நான் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை!

இதைவிடப் பெரிய பயனும் இம்முறையில் உண்டு என்பதை 2024ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று உணர்த்திற்று. கோப்புகளைச் சுருக்க உதவும் ‘எக்ஸ்இசட்’ நூலகத்தில் எவரோ கள்ளக் கதவு ஒன்றை ஒளித்து வைத்திருந்தனர். தொலைவிலிருந்து கணிப்பொறிக்குள் நுழைய உதவும் ‘எஸ்எஸ்ஹெச்’ சேவைக்கு அந்நூலகம் தேவையே இல்லை. ஆயினும் சில லினக்ஸ் வெளியீடுகளில் அச்சேவையோடு ‘சிஸ்டம்டி’யின் நூலகம் இணைக்கப்பட்டிருந்தது. அதன் துணையாக எக்ஸ்இசட்டும், விருந்தாளியின் பின்னே நுழையும் கள்வனைப்போல, தொடக்கத்திலேயே உள்ளே வந்துவிட்டது. உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கண்டு ஐயுற்ற பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட், ஆராய்ந்து உண்மையை மார்ச் 29 அன்று உலகுக்கு அறிவித்தார். அவ்வாண்டு ஜூனில் வெளிவந்த சிஸ்டம்டி 256ஆம் பதிப்பில், சுருக்க நூலகங்கள் தேவைப்பட்டால் மட்டுமே அழைக்கப்படுகின்றன.

ஆனால் ஒன்று. உள்ளே வந்தபின் நூலகத்திற்கும் நிரலுக்கும் உரிமையில் வேறுபாடில்லை. நிரல் தொடக்கூடியதையெல்லாம் நூலகமும் தொடும். ஆகவே எப்போது அழைப்பது என்பதோடு, யாரை அழைப்பது என்பதும் நம் பொறுப்பே. நாளை வங்கிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் நிரல் எழுதப்போகும் நாம் இதனை மறத்தல் ஆகாது.